சின்னச் சத்தம், பெரிய சத்தம்

அந்த ஜப்பான்கார மனுசிக்குத் தெரிந்த தமிழ் மூன்றே மூன்று. சின்னச் சத்தம். பெரிய சத்தம். முடிஞ்சுது.

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில், கிரைண்டரின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும் என் கணவர் குகனை எட்டிப் பார்த்து, “பெரிய சத்தமு” என்பார். ‘ம்’ என்று வாயை மூடி முடிக்க அவருக்கு வராது. சொல்லிவிட்டு ஒரு கணம் பொறுப்பார். பிறகுதான் அழுத்துவார். அரைத்து நின்றதும் “முடிஞ்சுது” என்பார். அந்தச் சொல் மட்டும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் வாயில் வருகிற மாதிரியே வரும். அலுமாரிக் கதவைச் சாத்துவதென்றால் “சின்னச் சத்தமு”. கதிரையை இழுப்பதென்றாலும் அதுதான்.

வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஜப்பான்காரர் மரியாதைக்காரர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, சத்தம் போடுவதற்கும் அனுமதி கேட்பது அந்த ஊர் வழக்கமாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் குகன் கடைக்குப் போயிருந்த நேரம், அதே மனுசி சோற்றுப் பானையை சிங்குக்குள் தடாரென்று போட்டார். ஒரு சொல் இல்லை. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தேங்காய்ப் பொச்சை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த மூன்றும் வீட்டுக்குச் சொல்லப்பட்டவை அல்ல. எனக்கும் அல்ல. ஓர் ஆளுக்கு மட்டும் சொல்லப்பட்டவை.

குகன் என்னைக் கட்டுவதற்கு முன் எட்டு வருடம் ஜப்பானில் இருந்தவர். ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டணம். பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகங்களாக்கி ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை. அவர் தங்கியிருந்த மாடி அறையின் சொந்தக்காரிதான் இவர். கீழே மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு விற்கும் கடை வைத்திருந்தார். குகன் அவரை ‘ஒபாசான்’ என்பார். நாங்கள் அன்ரி என்று சொல்வதுபோலத்தானாம். அதனால் நான் அன்ரி என்றே கூப்பிட்டேன். அந்தச் சொல்லுக்கு அவர் உடனே திரும்பிப் பார்த்தார்.

கலியாணம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் அவர் வந்தார். அதுவரைக்கும் அவரைப் பற்றிக் குகன் எனக்குச் சொல்லியிருந்தது, “நல்ல மனுசி, நல்லாச் சமைப்பா” என்பதுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர் தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது குகன் ஓடிப்போய், இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, நிமிர்ந்து, மளமளவென்று கதைக்கத் தொடங்கினார். நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் குகன் சொற்களை எண்ணிப் பார்த்துக் கதைக்கிறவர். ஜப்பான் மொழியில் அவர் கைகளை வீசினார், இடையில் புகுந்து கதைத்தார், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். இருவருக்கும் நடுவே நான் பூச்செண்டோடு நின்றேன்.

ஓர் இளம் பெண் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவிடம் சொல்லி அழலாம். சண்டை பிடிக்கலாம். அன்ரியோ அறுபதை எட்டிப் பார்க்கிறவர். புருசன் வெகு காலத்துக்கு முன்னரே செத்துப்போனார். மகன் தலைநகரில் இருந்தான், புது வருடத்துக்கு மட்டும் வருவான். வாயைத் திறந்து சிரித்தால் ஒரு தங்கப் பல் தெரியும். காலையில் தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரையோர மரைன் டிரைவில் வேகநடை. சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பின்படியில் குந்தியிருந்து ஒரு சிகரெட். மேல்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், “உங்கட விருந்தாளி சிகரெட் பிடிக்கிறா, தெரியுமோ?” என்று விசாரித்தார். “ஓம், தெரியும்” என்றேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சாறு முழங்கை வரை வழியச் சாப்பிடுவார். இப்படிப்பட்ட ஒருவர்மேல் எனக்குப் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வந்த மறுநாளே பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு பருத்தி உடுப்பு தந்தார். கருநீலத்தில் வெள்ளைப் பூக்கள் தெறித்திருந்தன. பூக்கள் இல்லை, வாணங்கள் என்று குகன் சொன்னார். கோடைகாலத்தில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை பார்க்கப் போகும்போது பெண்கள் இதைத்தான் உடுத்துவார்களாம். அன்ரி என்னை நிலைக்கண்ணாடிக்கு முன் நிறுத்தி, இடுப்புப் பட்டியை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டார். ஒரு வட்ட விசிறியையும் கையில் தந்தார். “நல்ல வடிவாயிருக்கு” என்றார் குகன். சொல்லிவிட்டு அன்ரியைப் பார்த்து ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

“என்ன சொன்னனீங்கள்?”

“ஒண்டுமில்லை. ஒருக்கா இவ என்னையும் உடுத்தச் சொல்லி, கட்டு அவிழ்ந்து விழுந்தது. அதைச் சொன்னனான்.”

“எங்க உடுத்தினீங்கள்?”

“வாணவேடிக்கைக்கு.”

அன்ரி கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். ஆற்றங்கரை முழுக்க நீலப் பிளாஸ்ரிக் விரிப்புகள். விடியவே போய் விரித்து இடம் பிடித்து வைக்க வேண்டுமாம். அவித்த பச்சைச் சோயா அவரைக்காய், பொரித்த கோழி, சோற்று உருண்டைகள். நடுவில் மெலிந்த, தாடியில்லாத குகன், விசிறியோடு. அடுத்த படத்திலும் குகன். வேறு வருடம், வேறு உடுப்பு, அதே விரிப்பு. நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு கோடை தவறவில்லை. மேலே வானத்தில் பொன்னிறக் கிளைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அது அலரியோ கிலரியோ மாதிரி ஒரு மரத்தின் பெயர் கொண்ட வாணம், கிளை தாழ்ந்து தண்ணீரைத் தொடும் வரைக்கும் அணையாது என்று குகன் கண் விரிய விளக்கினார். ஜப்பான் மொழியில் வாணத்துக்கு ‘ஹனபி’ என்று பெயர். பூவும் நெருப்பும் சேர்ந்த சொல்.

நான் விசிறியைக் கட்டிலில் வைத்தேன்.

எங்கள் தலைத்தீபாவளிக்கு நான் ஒரு பெட்டி பூந்திரியும் நாலைந்து புஸ்வாணமும் வாங்கி வந்திருந்தேன். “எனக்கு வெடி, வாணம் ஒண்டும் சரிவராது” என்று சொல்லிவிட்டுக் குகன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் வாசற்படியில் தனியே இருந்து பூந்திரிகளைக் கொளுத்தி முடித்தேன். வாணவேடிக்கை பார்க்கக் காலிமுகத்திடலுக்குப் போவோம் என்று ஒரு புதுவருடத்துக்குக் கேட்டபோதும் அதே பதில். பிறகு நான் கேட்பதில்லை. சில பேருக்குப் புளி சரிவராது, சில பேருக்குப் பூனை சரிவராது, இவருக்கு இது என்று விட்டுவிட்டேன்.

அன்று குசினியில் வைத்துக் கேட்டேன். அன்ரி மேசையில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். தமிழ் விளங்காதுதானே என்ற தைரியம்.

“எனக்கு என்ன சொன்னனீங்கள்? வாணவேடிக்கை சரிவராது எண்டு.”

“ஓம்.”

“அப்ப இது?”

“அது வேற.”

“என்ன வேற? அங்கத்தை நெருப்பு சுடாதோ?”

“அங்க சொல்லிப்போட்டுத்தான் விடுவினம்.”

“என்னண்டு?”

“ஸ்பீக்கர் பூட்டியிருக்கும். ஒரு பொம்பிளை வாசிப்பா. அடுத்தது இன்ன வாணம், இன்னார் இன்னாரை நினைச்சு விடினம், இத்தினை வெடி எண்டு. முதல் விடுறது வெள்ளை. அது செத்த ஆக்களுக்கு. அந்தப் பட்டணமும் ஒருக்கா குண்டு போட்டு எரிஞ்சதாம். அதுக்குப் பிறகு மற்றது, கலர் எல்லாம். ஒவ்வொண்டுக்கும் முதல் சொல்லுவினம்.”

“அதுக்காக?”

அன்ரி உள்ளியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து பின்படிக்குப் போய்விட்டார். போகும்போது கதவைச் சாத்த முன், “சின்னச் சத்தமு” என்றார். அந்த நேரத்திலும் அதை மறக்கவில்லை.

நான் நடனம் படிப்பிக்கிறவள். எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு தொடர்மாடியிலும் ஒரு வயலினோ மிருதங்கமோ நடனமோ இருக்கும். சனிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். தட்டுக்கழியால் பலகையில் தட்டித் தாளம் போடுவேன், பிள்ளைகள் கால் தட்டி ஆடுவார்கள். கீழ்வீடு எடுத்ததே அதற்காகத்தான். வகுப்பு தொடங்க முன்னரே குகன் வெளிக்கிட்டுவிடுவார். மருதானையில் அவருடைய உதிரிப்பாகக் கடையில் வேலை இருக்கும், அல்லது மீன் வாங்க வேண்டியிருக்கும். ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் சலங்கைப் பூசைக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் ஆடுவதோ ஆட்டுவிப்பதோ அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கேட்டால் அவர் ஆமென்றுவிடுவாரோ என்ற பயத்தில் கேட்டதுமில்லை.

அந்தச் சனிக்கிழமை அன்ரி வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். குகன் சாவியை எடுத்தார். அன்ரி அவர் கையிலிருந்து சாவியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவரை அறைக்குள் இருக்கச் சொல்லிக் கையால் காட்டினார். தான் அறைக்கும் முன்னறைக்கும் நடுவே கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

நான் தட்டுக்கழியைத் தூக்கினேன். “சின்னச் சத்தமு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். தட்டினேன். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். வேகம் கூடி மூன்றாம் காலத்துக்குப் போகும்போது அவர் என் தோளையும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் பார்த்துக்கொண்டே நின்று, சரியான இடத்தில், “பெரிய சத்தமு” என்றார். அறை அதிர்ந்தது. ஆட்டத்தின் கடைசி அடுக்கான தீர்மானம் முடிய, “முடிஞ்சுது.” தாளம் தெரியாத ஒருவர் தாளம் எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று எப்படிப் பிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு நிலையில் அன்ரிக்குப் பின்னால் குகனின் முகம் தெரிந்தது. பிறகு அவர் முன்னால் வந்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வகுப்பு முடியும் வரைக்கும் இருந்தார். நான் சொல்லிக்கொடுக்கும்போது கையை எப்படிப் பிடிப்பேன், பிள்ளைகளை எப்படித் திருத்துவேன் என்பதெல்லாம் அவர் அன்றுதான் கண்டார். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருடம் நான் ஆசைப்பட்டுக் கிடைக்காததை, வந்து ஒரு கிழமை ஆகாத ஒருவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே எடுத்துத் தந்துவிட்டார். அது எனக்குத் தந்த மாதிரியும் இருந்தது, என்னிடமிருந்து பறித்த மாதிரியும் இருந்தது.

பிள்ளைகள் போன பிறகு குகன் தானாகவே சொன்னார். ஜப்பான் போன முதல் கோடையில் அன்ரி அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முதல் வாணம் வெடித்ததும் குகன் எழுந்து ஓடிவிட்டார். சனத்தை இடித்துக்கொண்டு ஓடிப் பாலத்துக்குக் கீழே தூணோடு ஒட்டி இருந்தாராம். அன்ரி தேடி வந்து பக்கத்தில் இருந்தார். ஸ்பீக்கரில் அடுத்த அறிவிப்பு வந்ததும் குகனின் முழங்காலைத் தட்டி, இரண்டு விரலால் கொஞ்சம் என்று காட்டினார். சின்ன வாணம் வந்தது. அடுத்த அறிவிப்பு. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பெரியது வந்தது. அப்படியே கடைசி வரைக்கும்.

“எனக்கு அப்ப ஜப்பான் பாசை தெரியாது. அந்தச் சைகைக்குத் தமிழில என்ன எண்டு கையாலயே கேட்டவ. சொல்லிக் குடுத்தனான். அதுக்குப் பிறகு வீட்டிலயும் சொல்லத் தொடங்கினா. ஷட்டர் இழுக்கிறது, தட்டு அடுக்கிறது, எல்லாத்துக்கும்.”

“அடுத்த வருசம்?”

“அடுத்த வருசம் விரிப்பில இருந்து பாத்தனான்.”

“ஏன் உங்களுக்குச் சத்தம் சரிவராது?”

“யாழ்ப்பாணத்தில இருந்த ஆக்கள் எல்லாருக்கும் அப்பிடித்தான்” என்றார். நான் நம்பினேன். அவருடைய அக்கா ஷெல் விழுந்து இறந்தவர் என்பது எனக்குக் கலியாணத்துக்கு முன்னரே தெரியும். மாமியின் வீட்டுச் சுவரில் இரட்டைப் பின்னலோடு படம் இருக்கிறது. எப்படி, எங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாத ஒன்று என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

அன்ரி போவதற்கு முன், எங்கள் ஊர் வாணவேடிக்கை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பொழுது பட வாணம் விடுவார்கள். குகன் வரமாட்டார் என்று நினைத்தேன். முதலில் சட்டை மாற்றியது அவர்தான்.

தெரு முழுக்க மின்குமிழ் தோரணம், மெழுகுதிரிக் கடைகள், தொதல் இனிப்புக் கடைகள். புனிதரின் சுருவம் ஊர்வலமாய்ச் சுற்றி வந்து கோயிலுக்குள் போனதும் பக்கத்து மைதானத்திலிருந்து முதல் வாணம் ஏறியது. எங்கள் ஊரில் யாரும் எதையும் அறிவிப்பதில்லை. ஸ்பீக்கரில் பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. குகன் ஒரு மெழுகுதிரிக் கடையின் தட்டியோடு ஒட்டிக்கொண்டார். அன்ரி ஒரு கடையில் பிளாஸ்ரிக் கதிரையை வாங்கி, மதிலோரம் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். மதிலுக்கு அப்பால் மைதானத்தில் நெருப்புக் கோலோடு குனிகிற ஆட்கள் அவருக்குத் தெரிந்தார்கள். ஒருவன் குனிந்தால் உடனே திரும்பி, சனத்துக்கு மேலால் குகனைப் பார்த்துக் கத்தினார்.

“சின்னச் சத்தமு! பெரிய சத்தமு!”

சனம் திரும்பிப் பார்த்தது. கடலை விற்றவர், “நோனா மொகத கியன்னே?” என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார், இந்த அம்மா என்ன சொல்கிறா என்று. “சத்தே என்ன கலின் கியனவா” என்றேன், சத்தம் வர முன்னம் சொல்கிறா என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு, அதில் என்ன பிழை என்பதுபோலத் தானும் நின்று கவனிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி நின்ற பெண்கள் இரண்டு மூன்று பேர் அன்ரி சொன்னதும் காதைப் பொத்தினார்கள், முடிஞ்சுது என்றதும் கையை எடுத்தார்கள்.

நான் குகனின் கையைப் பிடித்தேன். விடாமல்தான் பிடித்திருந்தார். ஆனால் கை என்னிடமிருந்தது, கண் அன்ரியின் வாயில் இருந்தது. வானத்தில் சிவப்பும் பச்சையுமாய் விரிந்தபோது குகன் அண்ணாந்து பார்த்தார், முகம் முழுக்க வெளிச்சம் பட்டது. என் புருசன் வாணவேடிக்கை பார்ப்பதை நான் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அந்த இடத்தில் நான் நின்றதற்கும் கடலைக்காரர் நின்றதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று எனக்குப் பட்டது.

விமான நிலையத்தில் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர்கள் ஊரில் அது வழக்கமில்லை என்று நினைக்கிறேன், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் முதுகில் தட்டினார். குகனுக்கு வளைந்து கும்பிட்டார். குகன் அழுதார். நான் அழவில்லை.

அவர் போன பிறகு ஒருநாள் கிரைண்டரைப் போட முன், நானும் முன்னறையைப் பார்த்து, “பெரிய சத்தம்” என்றேன். குகன் பேப்பரை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

“நீர் சொல்ல வேண்டாமப்பா. நீர் சொன்னாச் சிரிப்பு வருது.”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, தேவைக்கு மேலாகவே அரைத்தேன். அடுத்த சனிக்கிழமை தட்டுக்கழி வெளியே வர முன்னரே அவர் மீன் வாங்கப் போய்விட்டார். எல்லாம் பழையபடி.

பிறகு கைபேசியில் வீடியோ அழைப்புகள். கொரோனா வந்து வாணவேடிக்கை நின்றுபோன கோடையில், அன்ரி வெறும் ஆற்றங்கரையில் தனியே விரிப்பை விரித்து இருந்துகொண்டு கதைத்தார். நான் திரையின் ஓரத்தில் வந்து கையசைத்துவிட்டுப் போவேன். ஒருமுறை அவர் என்னை நிற்கச் சொல்லி ஏதோ நீளமாகச் சொன்னார். குகன் அதை மொழிபெயர்க்கும்போது, “சுகமாயிருக்கச் சொல்லுறா” என்று சுருக்கினார். அவ்வளவு நீளத்துக்கு அவ்வளவுதானா என்று நான் வெகுநாள் யோசித்தேன்.

ஒரு பனிக்காலத்தில் அன்ரி இறந்துபோனார். மகன்தான் அறிவித்தான். சாப்பாட்டுக் கடைக்குள் நின்றபடியே விழுந்தாராம். குகன் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. அழவும் இல்லை. மரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்து, சோறு வேண்டாம் என்று படுத்தார்.

அந்த வருடக் கோடையில் மகன் மறுபடி எழுதினான். தாயை நினைத்து அவன் ஒரு வாணம் விடுகிறானாம், நேரலையில் பார்க்கலாமாம். அங்கே இருட்டும்போது இங்கே பின்னேரம் நான்கு மணி. ஜன்னலுக்கு வெளியே வெயில் எரிந்துகொண்டிருந்தது, கடற்கரை ரயில் ஊதிக்கொண்டு போனது. நான் திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். குகன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

முதலில் வெள்ளைகள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் ஏறி விரிந்து இறங்கின. அத்தனை ஆயிரம் சனமும் மூச்சுவிடாமல் இருந்ததுபோல ஓர் அமைதி. பிறகு ஒரு பெண்ணின் குரல் வாசித்துக்கொண்டே போனது. வெகுநேரத்துக்குப் பிறகு அன்ரியின் பெயர் வந்தது. அது மட்டும் எனக்கு விளங்கியது. அந்தப் பொன்னிறக் கிளைகள் தாழ்ந்து தாழ்ந்து தண்ணீரைத் தொட்டு அணைந்தன. முழுவதும் முடிந்ததும் கரையிலிருந்த சனம் எல்லோரும் கைபேசி வெளிச்சத்தை ஆட்டினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாணம் கொளுத்தியவர்கள் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகளை ஆட்டிப் பதில் சொன்னார்கள்.

நான் கேட்டேன். இதுவரை கேட்காததைக் கேட்டேன்.

“அக்காவுக்கு என்னப்பா நடந்தது?”

குகன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கட வீட்டு வாசல் படலை தகரம். அதுக்கு ஒரு உதை விட்டா, ஆமிக் காம்பில இருந்து ஷெல் குத்தி ஏவுற சத்தம் மாதிரியே இருக்கும். நான் உதைப்பன். அக்கா விழுந்தடிச்சு ஓடிப்போய் பங்கருக்குள்ள குதிப்பா. நான் நிண்டு சிரிப்பன். எத்தினையோ தரம் செய்திருக்கிறன். அண்டைக்கு நான் றோட்டில நிண்டனான். உண்மையாக் குத்தினது கேட்டது. வாய்க்காலுக்க விழுந்து படுத்திட்டன். அக்கா கிணத்தடியில நிண்டவ. அங்கயிருந்து கத்தினவ, ‘போடா, உன்ர படலைச் சத்தம் எனக்குத் தெரியாதோ’ எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ.”

அன்றைக்கு அக்கா பங்கருக்கு ஓடவில்லை. நான் கேட்டேன்.

“மாமிக்குத் தெரியுமோ?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“அன்ரிக்கு?”

“இல்லை.”

“எட்டு வருசம் இருந்தனீங்கள்.”

“அவ கேக்கேல்லையப்பா. ஒருநாளும் கேக்கேல்லை.”

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. அதை மறைக்க முடியாது. இந்த மனிதனுக்குள் இருந்த கடைசி அறையின் சாவி என்னிடம் வந்துவிட்டது. அந்த மனுசிக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம் அந்த வெற்றியை வைத்துக்கொண்டு இருந்தேன்.

நிமிடத்துக்கு மேல் அது நிற்கவில்லை. இப்போது எனக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் யாரும் செய்வார்கள், நானும் செய்வேன். அன்ரியோ ஒன்றும் தெரியாமல் செய்திருக்கிறார். பாலத்துக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த ஓர் அந்நிய இளைஞனைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்த் தன்னுடைய ஒவ்வொரு சட்டிக்கும் கதவுக்கும் முன்னால் ஒரு சொல்லை வைத்தார். அவனுக்குத் தேவைப்பட்ட அதே சொல்லை. எந்தச் சத்தம் எது என்று யாராவது முன்னரே சொல்ல வேண்டும் என்பதுதானே அவனுக்குத் தேவைப்பட்டது. அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று நினைத்தால் ஆறுதலாக இருக்கும். அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. உயிரோடு இருந்தபோது அவர்மேல் பட்டதைவிட அந்த நேரம்தான் அதிகமாகப் பொறாமைப்பட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

குகன் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் அழுறீர்?”

“உங்கட அக்காவை நினைச்சு” என்றேன்.

அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.